வெட்டி எழுதிய பாடம்

பள்ளிக்கூடத்தில் அவருக்கு ‘ஆசிட்’ என்று பெயர். சட்டையில் அத்தனை ஓட்டைகள். ஆய்வகத்தில் சோதனைக்குழாய் கழுவியே பத்தொன்பது வருஷத்தை ஓட்டிய உதவியாளர். வாத்தியாருக்கே மறந்துபோகிற அளவுகளெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். படிப்பு மட்டும் எட்டாம் வகுப்போடு நொண்டியடித்து நின்றுவிட்டது.

மகள் ஆறாம் வகுப்புக்கு அதே பள்ளியில் சேர்ந்தபோது ஒப்பந்தம் போட்டவரும் அவரேதான். “கேட்டுக்குள்ள நுழைஞ்சா நீ யாரோ, நான் யாரோ. அண்ணேன்னுதான் கூப்பிடணும், சரியா?” ஆசிட்டின் மகள் என்று பிள்ளைகள் அவளைக் கேலி பண்ணக்கூடாதாம். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. “அண்ணே, மணி என்ன?” என்று வராந்தாவில் கேட்டுவிட்டு ஓடுவாள். அன்று முழுக்க அவருக்கு வாயெல்லாம் பல்.

இந்த வருஷம் அவள் பத்தை முடித்தாள். பதினொன்றில் என்ன பாடம் வேண்டும் என்று படிவத்தில் எழுதித் தர வேண்டும். இதில் கேள்வி என்ன? சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தவளையின் இதயத்தைப் பற்றிப் பேசி அம்மாவிடம் திட்டு வாங்குகிற பிறவி அவள். அறிவியல்தான். இரண்டு வருஷம் தன் ஆய்வகத்துக்கு வருவாள். கீறல் விழாத நுண்ணோக்கி ஒன்றை ஆசிட் இப்போதே மேல் அலமாரியில் ஒளித்து, ‘ரிப்பேர்’ என்று சீட்டும் ஒட்டிவிட்டார்.

படிவங்களை வகுப்பிலிருந்து ஆபீசுக்குக் கொண்டுபோவது அவர் வேலை. பொறுமையில்லாமல் படிக்கட்டிலேயே கட்டைப் பிரித்தார். மகளின் தாளில் ‘அறிவியல்’ என்று எழுதி, ஒரே கோடாக வெட்டி, பக்கத்தில் ‘வணிகவியல்’ என்று இருந்தது.

அந்த மையை அழிக்கிற மருந்து அவர் அலமாரியிலேயே இருக்கிறது. கை துறுதுறுத்தது. கால்கள் என்னவோ சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குத்தான் போயின. மகள் தனியாக நின்றிருந்தாள்.

“என்னம்மா இது? கை தவறிடுச்சா?”

“இங்க பேசக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“ஒப்பந்தம் கிடக்குது விடு. சொல்லு.”

அவள் சைக்கிள் பூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். “அன்னிக்கு லேப்ல எங்க கிளாஸ் பிள்ளை ஒருத்தி குடுவையை உடைச்சிட்டு உங்க மேல பழியைப் போட்டாளே. வாத்தியார் எல்லார் முன்னாடியும் உங்களை எருமைன்னாரே.”

“அட, அதுவா! நான்தான் உன்னைப் பாத்துக் கண்ணடிச்சேனே. நீகூடச் சிரிச்சியே!”

அந்தச் சிரிப்பை ஆறு மாதமாக அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

“இல்லப்பா. எல்லாரும் சிரிச்சாங்க. நான் மட்டும் சும்மா நின்னா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு நானும் சிரிச்சேன். நீங்க கண்ணடிச்சதையே அப்புறமாத்தான் பாத்தேன்.”

ஆசிட் பிரித்த படிவக் கட்டை மறுபடி கட்டினார்.

“எல்லார்கிட்டயும் சொல்லிடலாம்மா, நான்தான் அப்பான்னு.”

“இப்பவா? பெத்த அப்பாவைப் பாத்துச் சிரிச்சவள்னு சொல்வாங்க. சொல்லலைன்னா தினமும் லேப்ல யாரோ மாதிரி நிக்கணும். மறுபடியும் சிரிச்சிடுவேன்ப்பா. எனக்கு என்னை நினைச்சாத்தான் பயமா இருக்கு.”

ஆபீசில் புதிதாக வந்திருந்த எழுத்தர் தாள்களைப் புரட்டினார். “வெட்டி எழுதினா பக்கத்துல அப்பா கையெழுத்து வேணும். இந்தப் பிள்ளையோட அப்பாவை நாளைக்கு வரச் சொல்லுங்க, ஆசிட்டு.”

“வந்தாச்சு சார். நான்தான்.”

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். “அடப்பாவி மனுஷா, சொல்லவே இல்லையே! நல்லாப் படிக்கிற பிள்ளைங்கிறாங்க. எதுக்கு அறிவியலை விடுது?”

“லேப் வாசனை அவளுக்கு ஒத்துக்கல சார். பசங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

இடது கையால் மேசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெட்டிய கோட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.