அப்புசாமியின் கண்ணளவு

"தொண்ணூத்தெட்டு" என்கிறார் அப்புசாமி. பேருந்தின் முன்படியில் ஒரு வயிறு மட்டும்தான் இதுவரை தெரிந்திருக்கிறது. வயிற்றுக்குரிய முகம் வெளியே வருவதற்குள் அடுத்ததும் வந்துவிடுகிறது: "ரத்தத்துல கொழுப்பு எரநூத்தம்பதுக்குக் கொறையாதுங்க." இறங்கியவர் யாரென்று எங்கள் இருவருக்குமே தெரியாது. தம்மைப் பற்றி இப்படியொரு தீர்ப்பு ஆகிவிட்டது தெரியாமல் அவர் நேராகச் சாயாக் கடைக்குள் போய், எண்ணெயில் பொரித்த வாழைப்பழத்தை, பழம்பொரியை, கேட்கிறார். "பாத்தீங்களா வாத்தியாரே" என்று அப்புசாமி என் பக்கம் திரும்புகிறார்.

கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் அவர் முப்பது வருடத்துத் தரகர். எருமையோ காளையோ, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு கயிற்றை ஓட்டுவார், எடை வந்துவிடும். இப்போதெல்லாம் கயிறு தோளோடு சரி, கண்ணே போதும். விற்க வருகிறவர்கள் காலையில் உப்புப் போட்டுத் தண்ணீர் காட்டி மாட்டை உப்பவைத்துக் கொண்டுவருவார்கள். அதற்கும் அவரிடம் கணக்குண்டு. "வயித்துத் தண்ணி பத்துக் கிலோ, அதக் கழிச்சுட்டுப் பேசுங்க" என்பார். கழிக்கப்பட்டவர் முறைப்பார், ஆனால் எதிர்த்துப் பேசமாட்டார்.

மாட்டிலிருந்து மனிதனுக்கு வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரு மருத்துவ முகாம். ஆஷா என்கிற சுகாதாரப் பணியாளர்கள் ஆண், பெண் எல்லோரையும் நிற்கவைத்து இடுப்பைச் சுற்றி நாடா ஓட்டினார்கள். ஆண்களில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேலும் பெண்களில் எண்பதுக்கு மேலும் உள்ளவர்களை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வேடிக்கை பார்க்கப் போன அப்புசாமி அன்று முழுக்க அந்த மேசையை விட்டு நகரவில்லை. "இதத்தானுங்க நான் முப்பது வருசமாப் பண்றேன். இவுங்க நாடா, நம்முளுது கயிறு." மத்தியானத்துக்குள் நாடா சொல்வதற்கு முன்பே அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பிறகு ரத்தத்தின் முடிவுகளையும் வீடு வீடாக விசாரித்து, எந்தச் சுற்றளவுக்கு எவ்வளவு கொழுப்பு என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டார்.

பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது, அதுதான் எரிச்சல். எனக்கு அவர் சொன்னது தொண்ணூற்றாறு. நாடா தொண்ணூற்றைந்தரை என்றது. ரத்தமும் அவர் பக்கமே சாட்சி சொன்னது. அந்தச் சாட்சிக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவருடைய உடம்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, உடம்பே அதிகம் இல்லாததால். வேட்டியை ஒன்றுக்கு இரண்டாகச் சுற்றி, மேலே பச்சை பெல்ட் போட்டு, அதுவும் தளர்ந்துபோனதால் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறார். சாயாவில் சர்க்கரை நான்கு கரண்டி. சந்தை முடிந்தால் கள்ளு ஷாப். வீட்டில் எருமை நெய். யாராவது கேட்டால் பெல்ட்டைத் தட்டிக் காட்டுவார். "என்ற இடுப்புல வேட்டி நிக்கறதே பெரிய காரியமுங்க. கொழுப்புக்கு எங்க எடம்?"

தரகர் என்றால் துண்டு வேண்டும். வாங்குகிறவர் கையும் தரகர் கையும் துண்டுக்குள் போகும். விலையை விரல்கள்தான் பேசும். நாலு விரலைப் பிடித்தால் நாலு, ஒன்றைப் பிடித்தால் ஒன்று, ஒவ்வொரு இலக்கமாக. பேச்சு படிந்ததும் துண்டை வெடுக்கென்று உருவிவிட வேண்டும். அதுவே கையெழுத்து. இந்த விரல்பேச்சு அவர் மனைவி காளியாத்தாளுக்கும் தெரியும். விருந்தாளிகளை உட்காரவைத்துக்கொண்டு, எத்தனை பேருக்கு உலை வைப்பது என்பதை இருவரும் முந்தானைக்குள் பேசி முடித்துவிடுவார்கள்.

காளியாத்தாளின் சுற்றளவு நூற்று நான்கு. இதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம் ஒருமுறை தவிர. "முந்நூறுக்கு மேல இருக்குமுங்க வாத்தியாரே." சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது. அதே உடல்வாகுள்ள காளியாத்தாளின் அக்கா, ஒரு நாள் காலையில் கடலைக்காட்டில் களையெடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று முதல் மனைவியையும் இழந்துவிடுவோம் என்ற பயம் இந்த மனிதருக்குள் உட்கார்ந்துகொண்டது. சமையலறையில் தேங்காயெண்ணெய் காணாமல் போனது. சோறு பாதியானது. விடிந்தால் வாய்க்கால் கரை வரை அந்த அம்மாள் நடக்க வேண்டும். இவர் மதகின்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்து மேற்பார்வை பார்ப்பார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட காளியாத்தாள் ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் மசியவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்: "நீங்களும் கைய நீட்டோணும். இல்லாட்டி நானும் நீட்டமாட்டேன்."

நீட்டினார்கள். முடிவு வாங்கும் நாளில் நானும் மாத்திரைக்காக ஆரோக்கிய கேந்திரம் என்கிற அரசு மருத்துவமனையின் வராந்தாவில் நின்றேன். வராந்தாவில் பாதி சந்தை இருந்தது, அந்தப் பாதிக்கும் அப்புசாமி ஏற்கெனவே அளவு சொல்லியிருந்தார். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நர்மதா இன்னொரு தரகரான பூபதிராஜாவின் மகள். சின்னதில் அப்பாவின் துண்டுக்குள் கைவிட்டு விளையாடியவள். சீட்டோடு வந்து, காளியாத்தாளின் கொழுப்பு, அதாவது ட்ரைகிளிசரைடு, நூற்று முப்பத்தெட்டு என்றாள்.

"எத்தன?" என்றார் அப்புசாமி.

"நூத்தி முப்பத்தெட்டுங்க மாமா. நூத்தம்பதுக்குள்ள இருந்தா நல்லது. அத்தைக்கு ஒண்ணுமில்ல."

"சீட்டு மாறிப்போச்சா, பாரு அம்மிணி."

"மாறலீங்க. உங்களுது வந்து…" என்று இரண்டாவது சீட்டைப் பார்த்தவள் நிறுத்திக்கொண்டாள்.

முகம் பார்த்தே விற்கிறவன் மனசைப் படிப்பவர் அவர். வராந்தாவை ஒரு சுற்றுப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து, நீட்டியிருந்த அவள் கையின்மேல் போட்டு, தன் கையையும் உள்ளே விட்டார். உள்ளே நடந்ததைப் பின்னால் அவரே எனக்குச் சொன்னார். நர்மதா முதலில் நாலு விரலைப் பிடித்தாள். பிறகு ஒன்று. பிறகு இரண்டு. நானூற்றுப் பன்னிரண்டு. பழக்கதோஷம், இவர் அவளுடைய மூன்று விரலைத் திருப்பிப் பிடித்தார். அவள் மறுபடியும் நாலு. இவர் மறுபடியும் மூன்று. துண்டு அசைவதை மட்டும் பார்த்த எங்களுக்கு, ஏதோ கறவை மாடு கைமாறுவது போலிருந்தது.

"அந்தக் கள்ளு, நெய்யெல்லாம் வயித்துத் தண்ணி மாதிரிதான, அம்மிணி. அதக் கழிச்சுட்டுச் சொல்லு" என்றார் மெதுவாக.

"இதுல கழிக்கறது இல்லீங்க மாமா. இடுப்பு பாதிதான் சொல்லும், மீதிய ரத்தந்தான் சொல்லோணும். உள்ள டாக்டர் இருக்காரு, பாத்துட்டுப் போங்க."

துண்டை உருவினார், கட்டுப்படியாகாத விலைக்குத் தலையாட்டியவர் மாதிரி. வராந்தாவில் யாரோ "எத்தனைங்க அண்ணா?" என்றார்கள். அப்புசாமிக்கு முதல் தடவையாகக் காது கேட்கவில்லை.

மருத்துவரைப் பார்த்துவிட்டு அவர் வெளியே வந்தபோது காளியாத்தாள் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தமக்கு ஒன்றுமில்லை என்ற சந்தோஷம் அந்த முகத்தில் துளியும் இல்லை. நான் இரண்டடி தள்ளி நின்றேன். சாயாக் கடைக்காரர் வழக்கம்போல நான்கு கரண்டி போட்டு ஒரு டம்ளரை நீட்டினார். அப்புசாமி அதை வாங்காமல் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, எத்தனைன்னு சொன்னாங்க?"

சுற்றிலும் சந்தை ஆட்கள். அப்புசாமி துண்டை எடுத்து அந்த அம்மாள் கையின்மேல் விரித்து, தன் கையை உள்ளே விட்டார். துண்டு மூன்று தடவை அசைந்தது. காளியாத்தாள் எதுவும் பேரம் பேசவில்லை. அவர் பார்வை மட்டும் கணவரின் பச்சை பெல்ட்டுக்குப் போய், அதிலிருந்த புது ஓட்டைகளில் நின்றது.

பேச்சு முடிந்துவிட்டது, துண்டை உருவியிருக்க வேண்டும். பஸ் வந்தது, ஆட்கள் ஏறினார்கள், நடத்துநர் இரண்டு தடவை விசில் ஊதினார். துண்டு அப்படியே இரண்டு கைகளின்மேலும் கிடந்தது.