ஒரு பிப்பெட் குறையுது

பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளர் வேலை பார்க்கிறவளைப் பிள்ளைகள் 'லேப் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். யாராவது ஒரு குடுவையை உடைத்தால் அவள் போடுகிற சத்தம் வராந்தா முழுக்கக் கேட்கும். மனசோ வெண்ணெய். அதைக் காட்டிக்கொண்டால் பிள்ளைகள் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம்.

முதல் வருஷத்திலேயே படிப்பை விட்டுப் போகிறவர்கள் விலகல் படிவத்தில் நூலகம், விடுதி, கடைசியாக ஆய்வகம் என்று கையெழுத்து வாங்க வேண்டும். சேர்ந்த அன்று கொடுத்த கண்ணாடிச் சாமான்களை லேப் அக்கா எண்ணிப் பார்ப்பாள். எப்போது எண்ணினாலும் ஒரு பிப்பெட் குறையும். "நல்லா தேடிப் பாரு, நாளைக்கு வா" என்று அனுப்பிவிடுவாள். அந்தப் பிப்பெட் அவள் கோட்டுப் பையிலேயே இருக்கும். இரண்டு நாள் இழுத்தடிப்பதற்குள் பாதிப் பேர் மனசு மாறிவிடுவார்கள். "என்னைக்காவது திருட்டுக் கேஸ்ல மாட்டப்போற" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

ஒருநாள், எந்தப் பரீட்சையிலும் தேறாமல், யாரோடும் பேசாமல் கடைசி மேஜையில் நின்றுகொண்டிருந்த பெண் படிவத்தோடு வந்தாள். அவளுக்கும் அதே பதில்தான். மறுநாள் காலை அவள் புத்தம் புதுப் பிப்பெட் ஒன்றை மேஜைமேல் வைத்தாள்.

"கடையில வாங்கிட்டேன்க்கா. இப்ப எல்லாம் சரியா இருக்குல்ல? கையெழுத்துப் போடுங்க."

இத்தனை வருஷத்தில் யாருக்கும் இந்தப் புத்தி வந்ததில்லை. லேப் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் கோட்டுப் பையிலிருந்து பழையதை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தாள்.

"நான்தான் ஒளிச்சு வச்சேன். நீ போயிடக் கூடாதுன்னு."

பெண் நிமிர்ந்து பார்த்தாள். "நான் போனா யாருக்கு என்னக்கா?"

"எனக்குக் கஷ்டமா இருக்கும்டி. அந்தக் கடைசி மேஜை காலியா இருந்தா எனக்குச் சோறு இறங்காது. இனிமே உன்னை ஏமாத்த மாட்டேன், கையெழுத்து வேணும்னா இப்பவே போட்டுடறேன்." பேனாவைத் திறந்துவிட்டாள்.

பெண் அழுதுகொண்டே படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு வேணாம்க்கா. நாளைக்கு லேப்புக்கு வரேன்."

லேப் அக்கா பேனாவுக்கு மூடி போட்டாள். இரண்டு பிப்பெட்டையும் எடுத்துக்கொண்டுபோய்க் கடைசி மேஜைமேல் வைத்தாள்.