டிக்காஷன் நிறத் தண்ணீர்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். கடலூர் கோர்ட்டில் முப்பத்து மூன்று வருடம் அடுத்தவர்களின் பொய்யை டைப் அடித்துக் கொடுத்தவள் நான். பொறுமையெல்லாம் அங்கேயே தீர்ந்துவிட்டது. அதனால் அஜீசுன்னிசாவைப் பற்றி நான் நிதானமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

முதுநகரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. மங்கலம்பேட்டைப் பெண். பத்தொன்பது வயதில் அப்துல் ஹக்கைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். கல்யாணமான நாற்பதாவது நாள் அவர் குவைத்துக்குப் போய்விட்டார். அங்கே பணக்காரர் வீடுகளில் நீச்சல் குளம் சுத்தம் செய்கிற வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. ஜாபிர் பிறந்தபோதும் அவர் இல்லை, இம்தியாஸ் பிறந்தபோதும் இல்லை. இப்படியே முப்பத்தோரு வருடம் ஓடியது; கடைசி ஐந்து வருடம் அந்த லீவும் கிடைக்கவில்லை. பையன்களில் பெரியவன் சிங்கப்பூர் போனான், சின்னவன் சென்னைக்குப் போனான். வீட்டில் அவளும், ஜாபிர் விட்டுப்போன காலி மீன் தொட்டியும் மிச்சம்.

மற்றவர்களாக இருந்தால் சீரியல் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். இவள் போனில் வீடியோ பார்த்து மீன் வளர்க்கக் கிளம்பினாள். அதுவும் லேசுப்பட்ட மீனா? ராம் சிக்லிட் என்று ஒரு குட்டை ரகம். விரல் நீளம்கூட இருக்காது; மஞ்சள் உடம்பு முழுக்க நீலப் பொட்டு. தென் அமெரிக்காவில் ஏதோ ஓடையில் இருக்கிற ஜாதியாம்.

"அது பொறந்த எடம் மாதிரியே இருந்தாத்தாங்க்கா குஞ்சு பொரிக்கும்" என்பாள்.

அந்த ஓடையை முதுநகரில் உண்டாக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதலில் சில்வர் பீச்சிலிருந்து மணல் அள்ளி வந்தாள். அதில் இருந்த கிளிஞ்சல் தூள் தண்ணீரின் குணத்தையே மாற்றிவிட, மீன்கள் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பிறகு ஆற்று மணலைச் சலித்துப் போட்டாள். கெடிலத்தில் வெள்ளம் வடிந்ததும் கரையில் ஒதுங்கிய ஒரு வேரைத் தூக்கி வந்து, பிரியாணி தேக்சாவில் இரண்டு நாள் வேகவைத்தாள். "என்னடி, வேர் பிரியாணியா?" என்று கேட்டேன். எங்கள் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரம் வெள்ளை பூக்கும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் டிரம் வைத்து மழைத் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். தெருமுனைப் பாதாம் மரத்தடியில் காய்ந்த இலைகளைப் பொறுக்கி வந்து தொட்டியில் போட்டாள். ஊற ஊறத் தண்ணீர் இளம் டிக்காஷன் நிறத்துக்கு வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு வருடமாகக் கழுவாத தொட்டி மாதிரி இருக்கும். பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தால், வேருக்கடியில் நிழலும் இலைகளுக்கு மேலே அந்த ஜோடி மீனும், எழுந்திருக்க மனசே வராது.

சிதம்பரத்தில் கயல்விழி என்று ஒரு பல் டாக்டர். யார் மூலமோ கேள்விப்பட்டு, தன் கிளினிக்கிலும் இப்படி ஒன்று அமைத்துத் தரச் சொன்னார். அதைப் பார்த்து அந்த ஊரிலேயே இன்னும் மூன்று பேர் கேட்டார்கள். வாரம் ஒரு நாள் பஸ் ஏறிப் போய் எல்லாத் தொட்டியையும் கவனித்துவிட்டு வருவாள். இதில் ஒரு வார்த்தைகூட அவள் புருஷனிடம் சொல்லவில்லை.

"சொன்னாப் புரியாதுக்கா. அவுங்க வரட்டும். பக்கத்துல ஒக்கார வச்சுக் காட்டணும்."

ஐம்பது வயதில் அவளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

இந்த வருடம் தை மாதம் ஹக் பாய் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். அவர் வருவதற்குப் பத்து நாள் முன்புதான் வீட்டுத் தொட்டியில் முட்டை பொரிந்திருந்தது. நான்கு வருடத்தில் அதுவே முதல் தடவை. அதுவரை போட்ட முட்டையெல்லாம் பூஞ்சை பிடித்து வெளுத்துப்போகும். இந்த முறை நாற்பதுக்கு மேல் இருக்கும், ஊசிமுனை அளவுக் குஞ்சுகள். தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் நின்று அவற்றை மேய்த்துக்கொண்டு போயின.

"ரெண்டும் சேந்து பாத்துக்குது பாருங்கக்கா" என்றாள். அவள் மீனை மட்டும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாதா என்ன.

அவர் வந்த முதல் இரண்டு நாள் சொந்தக்காரர்கள் கூட்டம். மூன்றாம் நாள் அவளுக்குச் சிதம்பரம் முறை. அவரிடம் ஒரு வேலை என்று மட்டும் சொன்னாள்; சாயங்காலம் வந்து அவருக்குச் சாவகாசமாகக் காட்டுகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

நான்கு மணிக்கு ஹக் பாய் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். தொட்டி பளபளவென்று இருந்தது. மணலைக்கூடப் பிளீச்சிங் பவுடர் போட்டு அலசியிருந்தார். வேரும் இலையும் கொல்லையில் குப்பையோடு கிடந்தன. பழைய தண்ணீர் முழுவதும் சாக்கடையில் போய்விட்டது. பெரிய மீன் இரண்டை மட்டும் பத்திரமாகப் பிடித்துப் பக்கெட்டில் வைத்திருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் அஜீசு பையும் கையுமாக உள்ளே வந்தாள்.

"எவ்ளோ நாளா இப்படி அழுக்காக் கெடந்துச்சு? நீ ஒண்டியா என்னதான் பாப்ப. இனிமே நான் இருக்கேன்ல" என்றார். முழங்கை வரை தோல் சிவந்திருந்தது. முகம் நிறையச் சந்தோஷம்.

அவள் தொட்டியைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க. டீ போடட்டா?" என்றாள்.

பெரிய மீன் இரண்டும் மறுநாள் மதியத்துக்குள் செத்துப்போயின. அவர் வருத்தப்பட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் நான்கு கோல்டு ஃபிஷ் வாங்கி வந்து தொட்டியில் விட்டார்.

நான் சும்மா விடுவேனா. கொல்லையில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "சொல்லித் தொலையேன்டி. நீ சொல்லலன்னா நான் சொல்றேன்."

"வேணாங்க்கா. கை வெந்துபோற அளவுக்குக் கழுவியிருக்காங்க. எனக்குன்னு அவுங்க கையால செஞ்ச மொத வேலை. அதப் போயி தப்புன்னு எப்படிச் சொல்றது? நீங்களும் சொல்லக் கூடாது" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்காவது நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன் பிறகு வாரம் ஒரு நாள் சிதம்பரம் போனவள் நான்கு நாள் போக ஆரம்பித்தாள். வீட்டுத் தொட்டியை அவள் தொடவே இல்லை. முன்பு அந்த வீட்டில் ஒருத்தி தனியாக இருந்தாள், இப்போது இரண்டு பேர் தனியாக இருந்தார்கள். ஹக் பாய் காலையில் மீனுக்குத் தீனி போட்டுவிட்டு, வாசலில் நாற்காலியைப் போட்டு அவள் வரும்வரை உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் என்னிடம் கேட்டார், "அக்கா, நான் வந்தது அவளுக்குப் புடிக்கலையா?"

சத்தியமாவது ஒன்றாவது. மழைத் தண்ணீர், இலை, நான்கு வருடம், நாற்பது குஞ்சு, சிதம்பரத்துப் பல் கிளினிக் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"குஞ்சு இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"இருந்துச்சு பாய்."

"என் கண்ணுக்குத் தெரியவே இல்லியே."

அதைக் கேட்டதும் அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்றே எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவள் போன பிறகு, அடுத்த பஸ்ஸில் அவரும் சிதம்பரம் போனார். சாயங்காலம் அவளுக்கு முன்பாகவே திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் போய் எதிரில் நின்றேன்.

"கிளினிக்குல பல்லு வலின்னு சொல்லி டோக்கன் வாங்கிக்கிட்டு ஒக்காந்துட்டேன்" என்றார். "அவ தோள் வரைக்கும் கைய உள்ள உட்டு, எலைய ஒண்ணொண்ணா வச்சுக்கிட்டிருந்தா. ஒரு மணி நேரம் பாத்தேன். அவ்ளோ அழகா இருக்குக்கா அது."

"அவ ஒங்களப் பாத்தாளா?"

"இல்ல. அந்தப் பக்கம் திரும்பி நின்னா."

எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. "கூப்பிட வேண்டியதுதானே பாய்? அதுக்குத்தானே அவ நாலு வருஷமாக் காத்துக்கிட்டிருந்தா."

"கூப்பிடத்தான் எழுந்தேன்." அவர் கையைத் தேய்த்துக்கொண்டார். "போன்லன்னா ரிங்கு போகும், அவளே எடுத்துப் பேசுவா. நேர்ல, பின்னால நின்னுக்கிட்டு, எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியலக்கா. வந்துட்டேன்."