உருளையில் இருந்த அப்பா

மார்ச் ஒன்பது, காலை பத்தே கால், தூறல். மருமகள் தரைக்குப் பூசும் மெழுகு டப்பாவைத் திறந்தாள். அந்த வாசனையில் மலாயாவின் பத்து பகாட் ஊரில் நான் படித்த ஆங்கிலப் பள்ளியின் வகுப்பறை வந்துவிட்டது: முப்பத்திரண்டு பையன்கள், நான்கு ஜன்னல்கள், மேசைமேல் குழல் வைத்த பாட்டுப்பெட்டி.

எங்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தந்த சார் தன் குரலை அந்தப் பெட்டியில் ஓடும் மெழுகு உருளையில் பதிவு செய்து வைத்துவிட்டு, அந்த வருடமே காய்ச்சலில் இறந்துபோனார். புது சாரும் அதே உருளையைத்தான் ஓட்டினார். உன் பெயர் என்ன என்று இறந்தவர் ஆங்கிலத்தில் கேட்பார், பதிலுக்கு இடம் விட்டுக் காத்திருப்பார், பிறகு 'வெரி குட்' என்பார். தினம் ஒருவன் எழுந்து பதில் சொல்ல வேண்டும். தவறினால் புது சார் மறுபடி ஓட்டுவார். இறந்தவரின் மகன் செல்வமும் எங்கள் வகுப்புதான்.

"அலமாக், ஐயய்யோ, உங்கப்பாவுக்கே உன் பேரு மறந்துடுச்சாடா?" என்று ஒருவன் சீண்டினான்.

செல்வம் சிரிக்கவில்லை. "ஓட்ட ஓட்ட மெழுகு தேயுதுடா. எல்லாரும் ஒரே தடவையில சரியா சொல்லிடுங்க. திரும்பத் திரும்பப் போட்டா அப்பா போயிடுவாரு."

அதற்காகவே நாங்கள் ஆங்கிலம் கற்றோம். ஆனாலும் குரல் நாளுக்கு நாள் தேய்ந்து, இரைச்சலுக்கு அடியில் யாரோ மூச்சு விடுவதுபோல் ஆகி, செல்வத்தின் முறை வந்த அன்று வெறும் இரைச்சல் மட்டும் ஓடியது. அவன் எழுந்து, சரியான இடத்தில் தன் பெயரைச் சொல்லிவிட்டு, 'வெரி குட்'டுக்காக நின்றான். நாங்களும் மூச்சடக்கிக் காத்திருந்தோம்.

புது சார் பெட்டியை நிறுத்திவிட்டு, தானே அந்தக் கேள்வியைக் கேட்டார். செல்வம் வாய் திறக்கவில்லை. அடுத்து என்னைக் கேட்டார். நானும் திறக்கவில்லை.

ஆளுக்கு அபராதம் இருபத்தைந்து காசு.