பவுடர் கேட்ட நாள்

ஆஸ்பத்திரியில் என் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி அவர், மேலூர்ப் பக்கம். எந்நேரமும் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருப்பார். எங்கள் ஆட்கள் இருவருக்கும் கல்லீரல் கெட்டுப் புத்தி தடுமாறியிருந்தது. வயிறு நன்றாகப் போனால்தான் தெளியும் என்றார் டாக்டர். அண்ணனுக்கு இனிப்பு சிரப்; அவர் கணவருக்குத் தண்ணீரில் கரைக்கும் பவுடர். எது முதலில் கேட்குமோ என்று இருவருக்கும் பதைப்பு.

"உங்க அண்ணனுக்கு எத்தன தடவ போச்சு?" காலையில் அதுதான் அவருடைய முதல் கேள்வி.

"ரெண்டு. அவருக்கு?"

"அஞ்சு. ஆனா இன்னும் தெளியலண்ணே. கட்டுன நாள்லருந்து கேக்காத மனுசன், சாப்பிட்டியா தாயின்னு கேக்குறாரு. பயமா இருக்கு."

மறுநாள் கணவர் அவரைப் பார்த்து, "எங்கடி போய்த் தொலஞ்ச?" என்று கத்தினார்.

"மருந்து கேட்டுருச்சுண்ணே. பழைய ஆளா வந்துட்டாரு," என்று சிரித்தார். கை முந்தானையை முறுக்கிக்கொண்டுதான் இருந்தது.