ஒரு கொடிக்கு ஒரு காய்

எனக்கு எழுபத்து நான்கு வயது. வளர்த்தது இரண்டு பிள்ளைகள். மூத்தவள் செல்வி கண்டி மஹய்யாவையில் இருக்கிறாள், நான் இளையவன் சிவாவோடு இங்கிலாந்தில். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அதனால் நான் போனில் சொல்லச் சொல்ல, செல்வியின் மகள் துர்கா அங்கே எழுதுகிறாள். அங்குள்ள கோயில் வெளியிடும் மலருக்கு வெளிநாட்டுச் சீவியத்தைப் பற்றிக் கேட்டார்களாம். இங்கே பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பூசணிக்காய்க்கு வெயில் படக்கூடாதென்று போர்வை போர்த்துகிறார். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அவர் பெயர் கென். தனி ஆள். வீட்டுக்குப் பின்னால் அத்தனை இடத்திலும் ஒரே ஒரு வட்டக்காச் செடி. நம்ம பக்கம் பூசணியை அப்படித்தானே சொல்வோம். அதன் தாய்க்கொடி ஒருநாள் வேலிக்கு அடியால் எங்கள் பக்கம் தலையை நீட்டியது. என் கை சும்மா இருக்குமா? கல்யாணத்துக்கு முன்னால் வத்தேகமப் பக்கத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த கை. மஹய்யாவையில் எங்கள் தகரக் கூரையில் படர்ந்த வட்டக்காக் கொடியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கொழுந்து கிள்ளிப் போவார்கள். கேட்கிற வழக்கம் இல்லை. கிள்ளினால் கொடி கிளைக்கும், கிளைத்தால் பிஞ்சு கூடும், ஆகவே கிள்ளுகிறவள் நல்லதுதான் செய்கிறாள். அதே நினைப்பில் கைப்பிடி கிள்ளி, நார் உரித்து, பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் மாசிக் கருவாட்டுத் தூளும் போட்டுச் சுண்டினேன். அவருடைய கொடியாயிற்றே என்று ஒரு கோப்பை அவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“லவ்லி, லவ்லி” என்று வழித்துச் சாப்பிட்டார். என்ன கீரை என்று கையால் கேட்டார். நான் பெருமையாக வேலியைக் காட்டினேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வெளுத்த மனிதர் இன்னும் வெளுத்திருந்தார். ஆனாலும் “தேங்க்யூ” என்றார். நானும் அதை நன்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

சாயந்திரம் சிவா வந்து குதித்தான். “யாரக் கேட்டும்மா கிள்ளுனீங்க?”

“கொழுந்து கிள்ள யாரடா கேக்கணும்? நல்லாக் கெளைக்கும்னு சொல்லு அவருகிட்ட.”

“கெளைக்கக் கூடாதும்மா! போட்டிக்கு வளக்குறாரு. ஒரு கொடி, ஒரு காய். அந்த நுனியிலதான் காய் விட இருந்தாரு.”

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மறுநாள் காலையில் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கம் போய் நின்றேன். பிறகு தினமும் போனேன்.

கூட நின்று பார்த்தபோதுதான் அந்த வேலை விளங்கியது. நல்ல பக்கக்கொடி ஒன்றைத் தேர்ந்து, ஒடிந்துவிடாமல் நாளுக்குக் கொஞ்சமாக வளைத்து, குச்சி நட்டு நேராக்கி, அதையே தாய்க்கொடி ஆக்கினார். கணுவுக்குக் கணு மண் போட்டு மூடினார், அங்கேயும் வேர் பிடித்தது. மற்றப் பக்கக்கொடிகள் மீன் முள்ளு மாதிரி இருபுறமும் போகும். ஓரளவு நீண்டதும் நுனியை வெட்டி மண்ணில் புதைப்பார். அவற்றில் கிளைக்கிறதை முளையிலேயே கிள்ளுவார். ஒரு காய் பிடித்து நின்றதும் கத்தியை எடுத்து, மற்றப் பிஞ்சுகளை எல்லாம் அறுத்தார். ஏன் என்று கையை விரித்தேன். ஒற்றை விரலைத் தூக்கினார். “ஒன்லி ஒன்.”

கறிக்கு ஆகுமே என்று அந்தப் பிஞ்சுகளை மடியில் ஏந்தினேன். ஆனால் அன்றைக்கு நான் கறி வைக்கவில்லை.

மஹய்யாவையில் இருந்த அந்தக் காலம் நினைவுக்கு வந்தது. செல்வி அப்போது பதினோராம் வகுப்பு. கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் அப்பா போய்ச் சேர்ந்த வருடம். ஒருவரைத்தான் படிக்க வைக்க முடியும் என்று முடிவெடுத்தது நான், வேறு யாரும் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை வெள்ளைச் சீருடை போட்டு, சடை பின்னிக்கொண்டு வந்து நின்றாள். “இன்னைக்கு ஸ்கூல் வேணாம். டவுன் புடவைக் கடையில வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன்” என்றேன்.

“ஓ லெவல் பரீட்சை மட்டும் எழுதிடுறேம்மா. எட்டு மாசந்தானே.”

“தம்பி ஒருத்தன் மேல வந்தா நம்ம எல்லாரும் வந்த மாதிரி.”

அவள் சீருடையைக் கழற்றி, துவைத்து, கொடியில் காயப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நானும் எடுக்கவில்லை.

போட்டி நாளன்று கென்னின் காயைத் தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. பரிசு கிடைக்கவில்லை. “கொடியைச் சாப்பிட்ட லேடி இவங்கதான்” என்று எல்லாருக்கும் என்னைக் காட்டிச் சிரித்தார், நானும் சிரித்தேன். அவ்வளவு பெரிய காயை யாரும் சமைப்பதில்லையாம், வெறும் தண்ணீர், ருசியே இருக்காதாம். என் மகனைச் சொல்ல வரவில்லை. அவன் கறிக்கு உதவாத காய் இல்லை, என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறான்.

போன் வீடியோவில் செல்விக்குக் காட்டினேன். “எம்மாடி! மத்தப் பிஞ்செல்லாம் எங்கம்மா?” என்றாள்.

“அறுத்துட்டாரு.”

“சாப்பிட்டீங்களாம்மா?” என்றாள்.

போன நுனிக்குப் பதிலாக அந்த மனிதர் இன்னொரு கொடியைத் தேடி வளைத்தார், வெறும் பூசணிக்காய்க்கு. பெற்ற மகளுக்கு நான் எதையும் தேடவில்லை. அடுத்த வருடமாவது எழுது என்று சொல்லியிருக்கலாம். இப்போது வாளியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கலாம் என்றால், மஹய்யாவை வேலிக்கு அந்தப் பக்கமா இருக்கிறது?

துர்கா, எழுதிட்டியாம்மா? சரி, முதல்ல இருந்து வாசி. உங்கம்மா குசினியில தானே, தேங்கா துருவுறது இங்க வரைக்கும் கேக்குது. கதவத் தெறந்து வச்சிக்கிட்டுச் சத்தமா வாசி. துருவுற சத்தம் நின்னா நீ எனக்குச் சொல்ல வேணாம். எனக்கே கேக்கும்.