சின்ன டாக்டரின் டர்போ

பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்து படுத்திருப்பவர்களுக்கு அவள் முகம் தலைகீழாகத்தான் தெரியும். இருபத்தோரு வருடமாக எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கிறாள். டாக்டர் வரத் தாமதமானால் எது சொத்தை, எது வெறும் பயம் என்று அவளே சொல்லி அனுப்பிவிடுவாள். அதனால் "சின்ன டாக்டர்" என்று பெயர் விழுந்தது. பெரிய டாக்டருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. தப்பாகச் சொன்னாலாவது திட்டலாம், சரியாகச் சொல்லித் தொலைக்கிறாளே என்ற கடுப்பு.

உள்ளதைச் சொன்னால், அவளுக்குப் பல் மேல் ஒரு பிரியமும் கிடையாது. அவள் மனசெல்லாம் பின்னறையில் கருவிகளைக் கழுவும் மேஜையில்தான். பல்லைக் குடையும் கைக்கருவிக்குள் காற்றில் சுழலும் பொடிச் சக்கரம் ஒன்று உண்டு. நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்று. தினமும் காலையில் எண்ணெய் விடாவிட்டால் அதற்குத் தொண்டை கட்டி, மெல்லிசாகக் கீச்சிடும். பழுது பார்க்க ஆள் வர இரண்டு வாரம் ஆகும் என்பதால் அவளே பிரித்துப் பூட்டப் பழகிக்கொண்டாள். வீட்டுக் காரில் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவும் இதே ஜாதிதான், அதை எஞ்சின் புகை சுழற்றுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று ஒருநாள் தெரிந்தது. அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

அவளுடைய அண்ணன் கார் பட்டறை வைத்திருக்கிறார். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஏழாவதாகத் தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்டாள். அண்ணன் மூன்று வருடமாகச் சிரித்தார். கேட்டுக் கேட்டு அவளுக்கு வெட்கம் போய், வெறிதான் மிஞ்சியது.

போன வருடம் அவளுடைய கார் வெள்ளைப் புகை கக்கி நின்றது. அண்ணன் வந்து பார்த்து, "எடைக்குப் போடு" என்றார்.

"எஞ்சினைப் பிரிச்சு நானே திரும்பக் கட்டுறேன். இதைவிடப் பெரிய டர்போ வெச்சு."

அண்ணனுக்கு அன்று நல்ல மூடு. "சரி. உன் வீட்லயே கட்டு. என் ஆளுங்க யாரும் தொடக்கூடாது. முதல் ஸ்டார்ட்டு என் முன்னாடி. பத்து நிமிஷம் நிக்காம ஓடுச்சுன்னா பட்டறைக்கு வா. நடுவுல நின்னுச்சுன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுரணும்."

"சத்தியமா விட்டுர்றேன்," என்றாள். நாற்பத்து நாலு வயதில் இவளுக்கு இது கொழுப்பு என்றார்கள், கேட்டவர்கள் எல்லாம்.

அன்று முதல் கார் ஷெட்டுக்குள் எஞ்சின் தொங்கியது. கார் வெளியே மூக்கில்லாமல் நின்றது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, மேல்மூடியைக் கழற்றினால் பிஸ்டன் ஒன்றில் விரிசல். நாலையும் மாற்றினாள், பெரிய டர்போவின் அடியைத் தாங்கும் தடித்த பிஸ்டன்களாக. பிஸ்டன் வளையங்களின் இடைவெளியைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அரத்தால் தேய்த்தாள். சூட்டில் வளையம் விரியும், இடைவெளி போதாவிட்டால் முட்டிக்கொண்டு பிஸ்டனையே பிளந்துவிடும். ஒவ்வொன்றையும் நாலு தடவை தேய்த்து எட்டு தடவை அளந்தாள். மேஜையில் சாப்பாட்டுக்கு இடமில்லாமல் குடும்பம் ஒரு மாதம் மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டது.

அவள் வீட்டுக்காரருக்கு நூலகத்தில் வேலை. சத்தம் பிடிக்காத மனிதர். அவருக்கு டார்ச் பிடிக்கும் உத்தியோகம் கிடைத்தது.

"நான் பாக்குற இடத்துல அடிங்க."

"நீ எங்க பாக்குறன்னு எப்படித் தெரியும்? உன் தலை மறைக்குது."

"பத்தொன்பது வருஷமா கூட இருக்கீங்க, இன்னுமா தெரியல?"

இதற்குப் பதில் சொல்லித் தப்பித்த கணவன் உலகில் கிடையாது. அவர் டார்ச்சைச் சும்மா இடம் மாற்றிப் பிடித்தார்.

பிரித்துப் போட்ட குழாய்களுக்குள் தூசி போகாமல் இருக்க மற்றவர்கள் துணியைத் திணிப்பார்கள், டேப் ஒட்டுவார்கள். அவள் கிளினிக்கில் பல் அச்செடுக்கும் ரோஸ் நிற மெழுகைக் கையில் பிசைந்து ஒவ்வொரு வாயையும் அடைத்தாள். கைப்பழக்கம். மொத்தம் பதினோரு இடம். மறக்கக்கூடாது என்று சுவரில் பட்டியல் எழுதி ஒட்டினாள். திருப்பிப் பூட்டும்போது ஒவ்வொன்றாக எடுத்து, டிக் அடித்தாள். பதினொன்றும் வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சலவைச் சட்டையில் வந்தார். அழுக்காகப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு வந்த மாதிரி இருந்தது. முதலில் ஆயில் ஏறட்டும் என்று, பெட்ரோலை நிறுத்திவிட்டு எஞ்சினை வெறுமனே சுற்றவிட்டாள். ஆயில் பிரஷர் முள் மேலே ஏறியது. பெட்ரோலைத் திறந்து சாவியைத் திருப்பினாள்.

பிடித்துக்கொண்டது. ஒரே உறுமல், அப்புறம் சீரான ஓட்டம். வீட்டுக்காரர் காதிலிருந்து கையை எடுத்தார். அண்ணன்கூட வாயைப் பிளந்தார். அவளுக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டாள்.

பத்து விநாடி இருக்கும். சட்டென்று சாவியைத் திருப்பி அவளே நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்துன?" என்றார் அண்ணன்.

"டர்போவுக்கு ஆயில் போகல."

"பிரஷர் முள்ளு மேலதான நிக்குது? நல்லாத்தான ஓடுச்சு? போடு, ஆக்சிலேட்டர மிதி."

"மாட்டேன். அந்த முள்ளு எஞ்சின் ஆயிலத்தான் காட்டும், டர்போவுக்குக் குழாய் தனி. அடில மெல்லிசா கீச்சுன்னு ஒரு சத்தம். எண்ணெய் விடாத சத்தம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே." அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம்னு சொன்னேன். நின்னாச்சு. இப்பவே மறுபடி போட்டன்னா கணக்குல வெச்சுக்கிறேன்."

அவள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருட ஆசை. ஒரு சாவித் திருப்பல்தான். ஒருவேளை தன் காதுதான் தப்போ என்றுகூட நினைத்தாள். ஆனால் இருபத்தோரு வருடமாகக் கேட்ட சத்தத்தை இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஸ்பானரை எடுத்தாள். டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாயைக் கழற்றினாள். உள்ளே ரோஸ் நிறத்தில், பட்டாணி அளவு மெழுகு.

அது பன்னிரண்டாவது மெழுகு. பெரிய டர்போவுக்காகப் புதிதாக வாங்கிய குழாய். பட்டியல் எழுதி ஒட்டிய பிறகு வந்தது. வந்த அன்றைக்கே கை தன்னால் அடைத்துவிட்டிருக்கிறது. உள்ளங்கையில் மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் அதை ஊக்கால் நோண்டி எடுத்து அண்ணன் முன்னால் நீட்டினாள்.

"என் தப்புதான். பூட்டும்போது நானே உள்ள விட்ட ஆயில்தான் பத்து விநாடி காப்பாத்துச்சு. தோத்துட்டேன்."

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எஞ்சினுக்குப் பல்லு கட்டியிருக்கா பாருங்க மச்சான்." மச்சான் சிரிக்கவில்லை. டார்ச்சை எடுத்து, டர்போ சக்கரத்தின் தண்டின் மேல் சரியாக வெளிச்சம் அடித்தார். அவள் விரலால் சுழற்றிப் பார்த்தாள். கீறல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"மிதிச்சிருந்தா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"கருகியிருக்கும்."

அண்ணனின் சிரிப்பு தேய்ந்துபோனது. குனிந்து தண்டைப் பார்த்தார். குழாயை வாங்கி ஊதிப் பார்த்தார். சலவைச் சட்டையில் ஆயில் பட்டது, கவனிக்கவில்லை.

"அண்ணா," என்றாள், ஸ்பானரைத் துடைத்தபடி. "பட்டறையில இந்த வருஷம் எத்தனை டர்போ கருகித் திரும்பி வந்துச்சு?"

"மூணு. மட்டமான சரக்கு. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"முதல் ஸ்டார்ட்டு போடும்போது பக்கத்துல நின்னு கேட்டது யாரு?"

 அண்ணன் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான்தான்," என்றார். அப்புறம், அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "உங்க டாக்டர்கிட்ட எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், வேலைய விடுறேன்னு?"